உள்ளே எத்தனை பேர்?

கல்யாண வீட்டில் சமையலைவிடக் கடினமான வேலை ஒன்று உண்டு. அது பந்திக்கு ஆள் விடுவது. கூடத்தில் நூறு இலைதான் விழும். தாலி கட்டி முடிந்ததும் நானூறு பேருக்கும் ஒரே நேரத்தில் பசிக்கும். வாசலில் நிற்கிற பெரியவர் ஒருவர், "இதோ, அடுத்த பந்தி, அடுத்த பந்தி" என்று கைகூப்பிக்கொண்டே கதவை மறித்து நிற்பார். அவர் சாமர்த்தியசாலி என்றால் கல்யாணம் சிறப்பாக நடந்தது என்று பேர். கொஞ்சம் அசந்தால் பாயசத்தில் பெருங்காயம் விழுந்த கதைதான்.

2020-ஆம் ஆண்டு உலகம் முழுவதும் பூட்டிக்கிடந்த கேளிக்கைப் பூங்காக்களும், கோயில்களும், மிருகக்காட்சி சாலைகளும் ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கியபோது, அத்தனை பேருக்கும் இந்தப் பந்திப் பெரியவரின் வேலை வந்து சேர்ந்தது. எத்தனை பேரை விடுவது, யாரை முதலில் விடுவது, வந்துவிட்டவரை எப்படி வெளியே அனுப்புவது என்ற கேள்விகள். கொரோனா போய்விட்டது. கேள்விகள் போகவில்லை. ஹவுராவிலும் கல்கத்தாவிலும் வாழ்கிற நமக்குக் கூட்டம் அன்றாடச் சோறு ஆகையால், அந்த நாட்களில் இங்கே யார் என்ன செய்தார்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று நினைத்துப் பார்ப்பது வீண் போகாது.

நிக்கோ பார்க்கிலிருந்து ஆரம்பிப்போம். சால்ட் லேக்கில் ஜீல் மீல் பகுதியில் 40 ஏக்கரில், 1991 அக்டோபரில் திறக்கப்பட்டது. மாநில அரசும் தனியாரும் கூட்டாக நடத்துவது. பிரிட்டனில் உள்ள பிளாக்பூல் பூங்காக்காரர்களின் தொழில்நுட்ப உதவி அதற்குக் கிடைத்தது. 2003-இல் அங்கே மரத்தால் கட்டிய ரோலர் கோஸ்டர் வந்தது. இந்தியாவில் அந்த வகையில் அதுவே முதல். நம் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலா போனதும், பிறகு அவர்களே தங்கள் பிள்ளைகளை அழைத்துப் போனதும் அங்கேதான். ஹவுராக்காரர்களுக்கு முன்பெல்லாம் பாலத்தைத் தாண்டி, இரண்டு பஸ் மாறி, பாதி நாள் வழியிலேயே போகும். 2024 மார்ச்சில் கங்கைக்கு அடியில் மெட்ரோ ஓடத் தொடங்கி, 2025 ஆகஸ்ட்டில் ஹவுரா மைதானத்திலிருந்து செக்டர் ஐந்து வரை முழுப் பாதையும் இணைந்த பிறகு அந்தத் தூரம் சுருங்கிவிட்டது. சுருங்கினால் என்ன ஆகும்? இன்னும் பலர் கிளம்புவார்கள். அது கிடக்கட்டும்.

2020 மார்ச்சில் மூடிய கேளிக்கைப் பூங்காக்களை, அக்டோபர் 15 முதல் திறக்கலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது. சுகாதார அமைச்சகம் அதற்கென்றே ஒரு நடைமுறைக் குறிப்பு வெளியிட்டது. டிக்கெட்டை ஆன்லைனில் விற்க வேண்டும், வரிசையில் ஆறடி இடைவெளி வேண்டும், உணவுக்கூடத்தில் பாதி இருக்கைக்கு மேல் ஆள் உட்காரக் கூடாது, நீச்சல் குளம் மூடியே இருக்க வேண்டும் என்றெல்லாம். அதே மாதங்களில் அரசின் பொது அறிவுரை என்னவென்றால், 65 வயதுக்கு மேற்பட்டவரும் 10 வயதுக்கு உட்பட்டவரும் அவசியமில்லாமல் வெளியே வராதிருப்பது நலம் என்பது. தாத்தா, பாட்டி, பேரக்குழந்தை மூவரையும் கழித்துவிட்டுக் கேளிக்கைப் பூங்கா நடத்துவது எப்படி என்று கணக்குப் போட்டவர்களின் மனநிலையை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பரிதாபமும் வருகிறது.

"பாதிப் பேரை விடு, எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்வது சுலபம். கணக்கு அப்படி வருவதில்லை. ஒரு ராட்டினம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 24 இருக்கை. ஏற்றி, சுற்றி, இறக்க ஆறு நிமிஷம். மணிக்குப் பத்து சுற்று, 240 பேர் ஏறலாம். இப்போது ஒன்று விட்டு ஒரு இருக்கை காலியாக விட வேண்டும், 12 பேர்தான். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் கம்பியையும் இருக்கையையும் துடைக்க இரண்டு நிமிஷம் கூடுதல். மணிக்கு ஏழரை சுற்று. ஆக 90 பேர். பாதியாகவில்லை, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

இப்படி ஐந்து ராட்டினம் உள்ள பூங்காவில் முன்பு 1,000 பேர் இருந்தால், மணிக்கு 1,200 ஏற்றம்; ஆளுக்கு ஒன்றேகால் தடவை என்று தோராயமாகச் சொல்லலாம். பாதிப் பேரை, அதாவது 500 பேரை விட்டால், 450 ஏற்றம்தான். ஆளுக்கு ஒரு தடவைகூட முழுசாகக் கிடைக்காது. கூட்டம் பாதியாகக் குறைந்திருக்க, காத்திருப்பு அதிகமாகிறது! பழைய அளவு சுகம் வேண்டுமானால் 375 பேரைத்தான் விடலாம். வாசலில் எண்ணுவது போதாது, உள்ளே எதற்காக வந்தார்களோ அது மணிக்கு எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்பதைத்தான் எண்ண வேண்டும் என்று இதிலிருந்து தெரிகிறது.

இன்னொரு சங்கடம் வரிசை. சாதாரண நாளில் நம் ஊர் வரிசையில் நூறு பேர் ஐம்பது மீட்டரில் அடங்கிவிடுவார்கள். ஆறடிக்கு ஒருவர் என்றால் அதே நூறு பேருக்கு இருநூறு மீட்டர் வேண்டும். அந்த வரிசை வளைந்து வளைந்து அடுத்த ராட்டினத்தின் வாசலில் போய் நிற்கும். நாற்பது ஏக்கரில் குளத்தையும், புல்தரையையும், இயந்திரங்கள் நிற்கும் இடத்தையும் கழித்துவிட்டுப் பார்த்தால் மனிதன் நிற்கிற இடம் அவ்வளவு பெரிதல்ல.

சிப்பூர் தாவரவியல் பூங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1787-இல் கர்னல் கிட் தொடங்கியது, 270 ஏக்கருக்கு மேல். ஹவுரா ஜனத்தொகையில் கணிசமான பகுதியை அங்கே காலாற நடக்க விடலாம் என்று தோன்றும். ஆனால் வெளியூரிலிருந்து வருகிறவர் எல்லாரும் விசாரிப்பது ஒரே ஒரு மரத்தை. 1925-இல் நடு அடிமரம் அகற்றப்பட்டும் விழுதுகளின் மேலேயே நிற்கிற அந்த ஆலமரத்தைச் சுற்றித்தான் கூட்டம். 2020 மே மாதத்து அம்பன் புயலில் அதற்கும் சேதம். மீதி ஏக்கர்களில் அணில் ஓடும். இடத்தைப் பரப்பளவால் அளந்து ஆளை வகுத்தால் ஏமாந்துதான் போக வேண்டும்.

சரி, வெளிநாட்டில் என்ன செய்தார்கள்? ஷாங்காய் டிஸ்னிலாண்ட் 2020 மே 11 அன்று திறந்தது. அரசாங்கம் கொள்ளளவில் முப்பது சதவீதம், அதாவது நாளைக்கு 24,000 பேர் வரை அனுமதித்தும், நிர்வாகம் அதற்கும் குறைவாகவே விற்றது. தேதி குறித்த டிக்கெட் மட்டும். புளோரிடாவில் ஜூலை 11 அன்று திறந்த டிஸ்னி உலகத்தில் டிக்கெட் வாங்கியிருந்தாலும் போதாது, எந்த நாள், எந்தப் பூங்கா என்று தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். நோய்க்காக வந்த இந்த ஏற்பாடு, நோய் தணிந்த பிறகும் தங்கிவிட்டது. நிர்வாகத்துக்கு அது ருசித்துப் போயிற்று. நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று இன்றே தெரிந்தால் எத்தனை ஊழியரை வரச் சொல்ல வேண்டும், எத்தனை மூட்டை உருளைக்கிழங்கு வறுக்க வேண்டும் என்பது வரை தெரிந்துவிடுகிறதே! தேதி குறித்த டிக்கெட்காரர்களுக்கு 2024 ஜனவரியில்தான் அங்கே அந்த இரட்டைப் பதிவு நீங்கியது.

கலிபோர்னியா டிஸ்னிலாண்டில் வேறொரு வில்லங்கம். வருஷம் முழுவதும் எந்தத் தடை நாளும் இல்லை என்று சொல்லி 1,399 டாலருக்கு ஒரு சீட்டு விற்றார்கள். சீட்டு வாங்கியவர் போய் நாள் பதிவு செய்யப் பார்த்தால், "உங்கள் வகைச் சீட்டுக்கு இன்று இடம் தீர்ந்தது" என்று வந்தது. ஆனால் அதே நாளைக்கு ஒற்றை டிக்கெட் விற்பனையில் இருந்தது. வழக்கு நடந்து, 2023-இல் 95 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். இடத்தை வகை வகையாகப் பங்கு பிரிக்கிறவர் எவராயினும், எந்த வகைக்கு எத்தனை என்பதை வாசலிலேயே எழுதி ஒட்டிவிட்டால் இந்த வம்பு இல்லை.

நம் ஊருக்குத் திரும்புவோம். என்னைக் கேட்டால், அந்த வருஷம் கல்கத்தா கண்ட முன்பதிவுப் பரிசோதனைகளில் உருப்படியானது மெட்ரோ ரயிலுடையது. 2020 செப்டம்பர் 14 அன்று மெட்ரோ மறுபடி பொதுமக்களுக்காக ஓடியபோது, ஸ்மார்ட் கார்டோடு ஈ-பாஸ் ஒன்றும் வேண்டும் என்றார்கள். கைபேசியில் எந்த நிலையத்திலிருந்து எது வரை, எந்த மணி நேரத்தில் என்று குறிப்பிட்டால் ஒரு பாஸ் வரும். மணி மாறினால் பாஸின் நிறம் மாறும். வாசலில் நிற்கும் காவலருக்குப் படிக்க வேண்டியதில்லை. நிறத்தைப் பார்த்தால் போதும், உள்ளே விடலாம் அல்லது நிறுத்தலாம். ஒரு வண்டிக்கு நானூறு பேர் சுமார் என்று கணக்கு. எளிமையான யோசனை, ஆனால் வாசலில் தகராறு எங்கே வரும் என்று தெரிந்தவர் செய்த யோசனை.

பந்திக் கணக்கு மெட்ரோவுக்குப் பொருந்தியதற்குக் காரணம் உண்டு. ஏறியவர் அரை மணியில் தாமே இறங்கிவிடுகிறார். பந்தியிலும் இலையை மடித்தால் எழுந்துதான் ஆக வேண்டும். கேளிக்கைப் பூங்காவில் யாரும் இலையை மடிப்பதில்லை! காலை பதினோரு மணிக்கு வந்தவர், கொடுத்த காசுக்கு விளக்கு வைக்கும் வரை இருந்துவிட்டுத்தான் போவார். ஆகவே அங்கே மணிவாரிப் பதிவு என்பது உள்ளே நுழைகிற நெரிசலை மட்டுமே குறைக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு உள்ளே குவிந்திருக்கும் கூட்டத்தைக் குறைக்காது. அதைக் குறைக்க ஒரே வழி மாலைக்கு மட்டும் தனி டிக்கெட் விற்று, அதற்கான இடத்தைக் காலையிலேயே ஒதுக்கி வைப்பது. காலையில் இடத்தைக் காலியாக வைத்திருக்க எந்த நிர்வாகத்துக்கும் மனசு வராது என்பதுதான் கஷ்டம்.

ஈ-பாஸில் குறை இல்லாமலில்லை. ஸ்மார்ட் கைபேசி இல்லாதவர் என்ன செய்வார்? கணக்குப்பிள்ளை வேலைக்குப் போகிறவர், வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள், டாக்டரிடம் போகிற வயோதிகர்? முதியவர்களுக்கும் பெண்களுக்கும் பிறகு படிப்படியாக விலக்குக் கொடுத்தார்கள். 2021 ஜனவரியில் ஈ-பாஸ் அடியோடு நீங்கியது. விலக்கை முதல் நாளே கொடுத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். நம்மில் எத்தனையோ மாமிகள் பேரனைக் கூப்பிட்டு, "டேய், பாட்டிக்கு ஒரு பாஸ் போட்டுக் கொடுடா" என்று கேட்டுத்தான் வெளியே போனார்கள். பேரன் பெங்களூரில் இருந்தால் போன் போட்டுக் கேட்டார்கள்.

பேலூர் மடம் நம் ஹவுரா மாவட்டத்தில் இருப்பது. அங்கே வேறு விதம். 2020 ஜூன் 15 அன்று திறந்தார்கள். நோய் பெருகவே ஆகஸ்ட்டில் மறுபடி மூடினார்கள். 2021 பிப்ரவரி 10 அன்றுதான் மீண்டும் திறந்தார்கள். அந்த வருஷ துர்கா பூஜையும் குமாரி பூஜையும் பக்தர்கள் இல்லாமலே நடந்தன. சமாளிக்க முடியாது என்று தெரிந்தால் மூடிவிடுவதும் ஒரு நிர்வாகம்தான். அரைகுறையாகத் திறந்து வைத்துத் தவிப்பதைவிட மேல்.

பூஜைப் பந்தல்களுக்கு அந்த மனத்திடம் இருக்கவில்லை, இருக்கவும் முடியாது. (பந்தல் என்ற நம் சொல்லை இங்கே ஆங்கிலத்திலும் வங்காளத்திலும் இவ்வளவு கம்பீரமாகப் புழங்குவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமை.) 2020 அக்டோபர் 19 அன்று கல்கத்தா உயர்நீதிமன்றம், பந்தல்களுக்குள் பார்வையாளர் நுழையக் கூடாது என்று உத்தரவிட்டது. சிறிய பந்தலுக்கு 5 மீட்டர், பெரியதற்கு 10 மீட்டர் தள்ளித் தடுப்பு. இரண்டு நாளில் சற்றே தளர்த்தி, பெரிய பந்தலில் ஒரே சமயத்தில் 45 பேர், சிறியதில் 15 பேர் வரை நிர்வாகிகளும் உள்ளூர்க்காரர்களும் இருக்கலாம், பெயர்ப் பட்டியலை ஒட்டி வைக்க வேண்டும் என்றது. மேளம் அடிக்கும் டாக்கிகளுக்கும் இடம் கிடைத்தது. அவர்களுக்கு வருஷத்தில் பிழைப்பே அந்த ஐந்து நாள்தானே.

நோய் இல்லாத வருஷத்திலும் பந்தலுக்குக் கொள்ளளவு உண்டு என்பதை நம் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழர்கள் நேரில் பார்த்தவர்கள். 2015 அக்டோபர் 18. தேசப்பிரிய பூங்காவில் உலகத்திலேயே பெரிய துர்கை என்று விளம்பரம் செய்த 88 அடிச் சிலை. பஞ்சமியன்றே ராஷ்பிஹாரி அவென்யூ அடைத்துக்கொண்டது, நெரிசலில் சிலருக்குக் காயம். போலீசார் பார்வையை நிறுத்திவிட்டார்கள். 2021-இல் ஸ்ரீபூமியில் புர்ஜ் கலீஃபா போலக் கட்டிய பந்தலுக்கும் இதே கதி. விளம்பரத்துக்கு அளவு வைக்காமல் வாசலுக்கு மட்டும் அளவு வைத்தால் கூட்டம் தெருவில் நிற்கும், அவ்வளவே.

நெரிசலில் உயிர் போவது பெரும்பாலும் பரந்த இடத்தில் அல்ல, குறுகிய இடத்தில். இதற்கு நாம் வெளியே எங்கும் போக வேண்டாம். நம் ஹவுராவின் சாந்த்ராகாச்சி ரயில் நிலையம், 2018 அக்டோபர் 23, சாயங்காலம். நாகர்கோவிலிலிருந்து வரும் வண்டியும் இரண்டு லோக்கல் வண்டிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தன; சென்னை வண்டி புறப்பட வேண்டிய வேளையும் நெருங்கியிருந்தது. இறங்கியவர் மேலே ஏற, ஏற வேண்டியவர் கீழே இறங்க, நடைமேம்பாலத்தில் சிக்கி இரண்டு பேர் இறந்தார்கள். வண்டிகளில் இருக்கை கணக்கெடுத்துத்தான் முன்பதிவு செய்திருந்தார்கள். பாலத்துக்கு யார் முன்பதிவு செய்வது? அன்று அந்தப் பாலத்தில் தமிழ் பேசுகிறவர்களும் மூட்டை முடிச்சோடு இருந்திருப்பார்கள் என்பதை நினைக்காமல் என்னால் இன்றும் அந்தப் படியில் ஏற முடிவதில்லை.

முன்பதிவே நெரிசலை உண்டாக்கிய கதையும் இருக்கிறது. திருமலையில் 2020 ஜூன் 11 முதல் பொதுமக்களை விட்டபோது நாளைக்குச் சுமார் 6,000 பேர் என்று வைத்தார்கள். பாதி, 300 ரூபாய் ஆன்லைன் டிக்கெட். பாதி, நேரில் தரும் இலவச டோக்கன். சாதாரண நாளில் அறுபதாயிரம் பேருக்கு மேல் தரிசிக்கிற இடம். அந்தச் சமயத்தில் ஏற்பாடு நன்றாகவே நடந்தது. ஆனால் 2025 ஜனவரி 8 அன்று, வைகுண்ட ஏகாதசி தரிசன டோக்கனுக்காகத் திருப்பதி நகரில் காத்திருந்த கூட்டத்தில் ஆறு பேர் இறந்துபோனார்கள். சுவாமி சன்னிதியில் அல்ல. டோக்கன் வாங்குகிற இடத்தில். கொஞ்சம் டோக்கன், நிறைய ஜனம், ஒரே கதவு. வரிசையை ஒழுங்குபடுத்தத்தான் டோக்கன். டோக்கனுக்கே ஒரு வரிசை வேண்டியிருந்தால் சிக்கலை ஒரு கதவு முன்னால் தள்ளிவைத்தோம் என்றுதான் அர்த்தம்.

சபரிமலையில் கேரள போலீசார் 2011-இலேயே கணினி வரிசையைத் தொடங்கினார்கள். 2020 நவம்பரில் வார நாளில் 1,000, சனி ஞாயிறில் 2,000 பேர் என்று கடுமையாக வைத்து, டிசம்பரில் நீதிமன்றம் சொல்லி 5,000 ஆக்கினார்கள். 2025 மண்டல காலத்தில் ஆன்லைனில் 70,000, நேரில் பதிவு 20,000 என்று ஆரம்பித்தார்கள். நேரில் வந்தவர்கள் அந்த எண்ணைத் தாண்டிக் குவியவே, நீதிமன்றம் தலையிட்டு நேர்ப் பதிவை 5,000-ஆகக் குறைத்தது. நேர்ப் பதிவு வேண்டாம் என்றால் கைபேசி இல்லாத ஏழை பக்தர் வாசலில் நிற்பார். வேண்டும் என்றால் எல்லாருமே, "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்பிவிடுவார்கள். இதற்கு நடுவழி, நேர்ப் பதிவைச் சன்னிதிக்கு அருகில் வைக்காமல் தொலைவிலேயே, பல ஊர்களில் வைப்பதுதான். கேளிக்கைப் பூங்காவுக்கும் இது பொருந்தும். ஹவுரா நிலையத்திலும் சியால்டாவிலும் ஒரு ஜன்னல் திறந்து, "இன்று இடமில்லை" என்று அங்கேயே சொல்லிவிட்டால், குழந்தையை இடுப்பில் சுமந்து ஒரு மணி நேரம் பிரயாணம் செய்து வாசலில் திரும்ப வேண்டியிராது.

பதிவு செய்துவிட்டு வராதவர் கதை வேறு. காசு கட்டாமல் பதிவு என்றால் பத்துப் பேர் பதிந்து ஆறு பேர் வருவார்கள். உள்ளே இடம் காலி, வெளியே ஜனம் ஏக்கம். இதற்கு விடை தேடி அமெரிக்கா போக வேண்டாம், நம் மெட்ராஸ் மெயிலில் ஏறிப் பார்த்தால் போதும். ஆர்.ஏ.சி. என்று ஒரு சீட்டு. பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையில் இரண்டு பேர் உட்கார்ந்து வர வேண்டியது. வராதவர் படுக்கை காலியானால் ஒருவருக்குப் போகும். அதற்குப் பின்னால் காத்திருப்போர் பட்டியல். 1997-இல் தட்கல் வந்தது. முன்பதிவுக் காலத்தையும் 120 நாளிலிருந்து 2024 நவம்பரில் 60 நாளாகக் குறைத்தார்கள். நான்கு மாதம் முன்னால் போட்ட டிக்கெட்டுகளில் பல ரத்தாகின்றன, பலர் வருவதேயில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். பூங்காக்காரர்கள் இதைப் படித்தாலே போதும். அரைநாள் ஆர்.ஏ.சி. டிக்கெட் ஒன்று விற்றால் என்ன? நிச்சயம் மாலை நான்கு மணிக்கு விடுவோம், காலையில் இடமிருந்தால் முன்பே விடுவோம் என்று. தேதி மாற்றிக்கொள்ள ஒரு தடவை சலுகை கொடுத்தால், காய்ச்சலில் கிடக்கிற குழந்தையை டிக்கெட் வீணாகுமே என்று இழுத்து வரமாட்டார்கள்.

நம் சங்கத்து டிசம்பர் பிக்னிக் பற்றியும் ஒரு வார்த்தை. கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை இந்த நகரத்தில் அலிப்பூர் மிருகக்காட்சி சாலை, எக்கோ பார்க், நிக்கோ பார்க் எதுவும் வேண்டாம். அந்த வாரத்தில் அலிப்பூரில் ஜனம்தான் காட்சிப் பொருள். புலி கம்பிக்குள்ளிருந்து பார்க்கிறது. ஜனவரி இரண்டாம் வாரத்தில் ஒரு வார நாள் பாருங்கள். எழுபது எண்பது பேர் என்றால் குழுப் பதிவு முன்கூட்டிச் செய்து, இரண்டு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதி திறந்தவுடனும் மறு பகுதி ஒரு மணி நேரம் கழித்தும் போகலாம். எல்லாரும் ஒரே ராட்டினத்தில் போய் நின்றால் நாமே ஒரு நெரிசல். பெரியவர்களுக்கு டிக்கெட்டைக் காகிதத்தில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுங்கள். கைபேசியில் சார்ஜ் தீர்ந்துபோய் வாசலில் நிற்கிற அவஸ்தை வேண்டாம். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவார்களா என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொண்டு, அதற்கப்புறம் புளியோதரை கட்டலாம்.